கையை நீட்டச் சொன்னவர்

(வானொலியில் ஒலித்த ஞாயிறு சிந்தனையின் எழுத்து வடிவம்)



மாற்கு நற்செய்தியின் மூன்றாம் பிரிவு ஒரு தொழுகைக்கூடத்தில் தொடங்குகிறது. அன்று ஓய்வுநாள். அங்கே கை சூம்பிய ஒருவர் இருக்கிறார். அது அவருடைய வலக்கை என்று புனித லூக்கா கூடுதலாக ஒரு விவரம் தருகிறார். இயேசு அவரை எழுந்து நடுவில் வந்து நிற்கச் சொல்கிறார். பிறகு கையை நீட்டச் சொல்கிறார். அவர் நீட்டுகிறார், கை நலமடைகிறது. ஆறே வசனங்களில் முடிந்துவிடும் நிகழ்ச்சி இது. அந்த மனிதரின் பெயரோ ஊரோ தொழிலோ நற்செய்தியில் இல்லை.

ஆனால், விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த புனித எரோணிமுசு, மத்தேயு நற்செய்திக்கு எழுதிய விளக்கவுரையில் ஒரு பழைய மரபைக் குறிப்பிடுகிறார். தொடக்கத் திருஅவையில் சில யூதக் கிறிஸ்தவக் குழுக்கள் பயன்படுத்திய ஒரு நூலில், இந்த மனிதர் ஒரு கொத்தனார் என்று சொல்லப்பட்டிருந்ததாம். கையால் உழைத்துப் பிழைத்தவன் நான், பிச்சை எடுத்து வெட்கத்தோடு உண்ணும் நிலை எனக்கு வேண்டாம், நலம் தாரும் என்று அவர் இயேசுவிடம் கெஞ்சினாராம். இது நற்செய்தியில் உள்ள செய்தி அல்ல; திருஅவை ஏற்றுக்கொண்ட நூல்களுள் அந்நூல் சேரவும் இல்லை. ஆயினும், தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் இந்த நிகழ்ச்சியை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதை அது நமக்குக் காட்டுகிறது. அவர்கள் பார்வையில் இயேசு குணமாக்கியது ஒரு கையை மட்டும் அல்ல. அந்தக் கை செய்துவந்த வேலையையும், அந்த வேலையால் ஊரில் அந்த மனிதருக்கு இருந்த இடத்தையும் சேர்த்தே திருப்பிக் கொடுத்தார்.

இந்தச் சிந்தனையை மனத்தில் வைத்துக்கொண்டு, நம்மில் பலர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு மருத்துவப் பணியைப் பற்றி இன்று பார்ப்போம். ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து ஆக்குபேஷனல் தெரபி என்கிறார்கள். தமிழில் செயல்வழி மருத்துவம், தொழில்வழிச் சிகிச்சை என்று பலவாறு சொல்கிறார்கள். இந்தப் பெயரைக் கேட்டதும் இது வேலை வாங்கித் தரும் ஏற்பாடு என்றோ தொழிற்பயிற்சி என்றோ எண்ணிவிடக் கூடாது. காலையில் எழுந்து பல் துலக்குவது, குளிப்பது, உடுத்துவது, சோறு பிசைந்து உண்பது, கழிப்பறைக்குப் போவது, காய் நறுக்குவது, பிள்ளையைத் தூக்குவது, செபமாலை உருட்டுவது, கையெழுத்துப் போடுவது என ஒரு மனிதரின் நாளை நிரப்பும் எல்லாச் செயல்களும் இங்கே ‘தொழில்’தான்.

பிசியோதெரபி என்னும் இயன்முறை மருத்துவத்தை நாம் அறிவோம். பொதுவாகச் சொன்னால், மூட்டு அசைய வேண்டும், தசை வலுப்பெற வேண்டும், நோயாளி நடக்க வேண்டும் என்று அது உழைக்கிறது. செயல்வழி மருத்துவம் அதனோடு கைகோத்து இன்னொரு கேள்வியைக் கேட்கிறது. இந்தக் கை எவ்வளவு உயரும் என்பதோடு நிற்காமல், இந்தக் கையால் இவர் என்ன செய்ய விரும்புகிறார் என்று கேட்கிறது. பக்கவாதம் வந்தவர்கள், முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், தீக்காயம் பட்டவர்கள், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள், ஆட்டிசம் உள்ள சிறுவர்கள், மனநோயிலிருந்து மீள்பவர்கள், மறதிநோய் கொண்ட முதியவர்கள் என இவர்கள் எல்லாருக்கும் இந்தப் பணி உதவுகிறது.

இது எங்கே தொடங்கியது? மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்த காலத்தில், இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796-ஆம் ஆண்டு குவேக்கர் சபையினர் ஓர் இல்லத்தைத் திறந்தார்கள். அங்கே நோயாளிகளை மனிதராக நடத்தினார்கள். தோட்ட வேலை, தையல் வேலை என்று அவர்களுக்குப் பொறுப்புகள் கொடுத்தார்கள். பாரிஸ் நகரில் மருத்துவர் பிலிப் பினேல் ஏறத்தாழ அதே காலத்தில் இதே வழியில் நடந்தார். பெல்ஜியம் நாட்டின் ஹேல் என்ற ஊரின் வழக்கம் இவற்றைவிடவும் பழமையானது. மனநோயாளிகளின் பாதுகாவலியான புனித டிம்ப்னாவின் திருத்தலம் அங்கே இருக்கிறது. நலம் தேடி அங்கு வந்த திருப்பயணிகளை ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டன. அவர்கள் அந்தக் குடும்பத்தோடு உண்டு, வயலில் இறங்கித் தங்களால் இயன்றதைச் செய்தார்கள். பல நூற்றாண்டுகளாக அந்த வழக்கம் அங்கே தொடர்ந்து வருகிறது.

இந்தப் பணிக்கு இன்றைய வடிவம் கிடைத்தது அமெரிக்காவில். ஜார்ஜ் எட்வர்டு பார்ட்டன் என்பவர் ஒரு கட்டடக் கலைஞர். காசநோய் அவரைத் திரும்பத் திரும்ப வாட்டியது. கடுங்குளிரில் பாதம் பாதிக்கப்பட்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. பிறகு உடலின் இடப்பக்கம் செயலிழந்தது. வாழ்க்கை முடிந்தது என்று சோர்ந்திருந்தவரை, சந்தித்துப் பேசிய ஒரு போதகரின் சொற்கள் எழுப்பிவிட்டன. பார்ட்டன் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஒரு வீட்டை வாங்கினார். தோட்டத்திலும் மரவேலைப் பட்டறையிலும் தம் உடலைத் தாமே பழக்கினார். 1914-ஆம் ஆண்டு அந்த வீட்டைப் பிறருக்கும் திறந்துவிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஆறுதல் இல்லம்’. 1917-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்த வீட்டில் ஆறு பேர் கூடி, இந்த மருத்துவப் பணிக்கான முதல் தேசியச் சங்கத்தை நிறுவினார்கள். அவர்களுள் மனநல மருத்துவரும் இருந்தார். கைவினை கற்பித்த ஆசிரியையும் இருந்தார். நோயாளியாக இருந்து மீண்ட பார்ட்டனும் இருந்தார். இந்த மருத்துவம் ஒரு நோயாளியின் வீட்டில் பிறந்தது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் நாட்டில் இதற்கான முதல் பயிற்சிப் பள்ளி 1950-ஆம் ஆண்டு பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியது. அமெரிக்காவில் பிறந்து, இந்தியர் ஒருவரை மணந்து, இந்த மண்ணையே தம் வீடாக்கிக்கொண்ட கமலா நிம்ப்கர் அம்மையார் அதற்கு வித்திட்டார்.

அன்பர்களே, நம் பக்கத்தில் உள்ள வேலூருக்கு வருவோம். டாக்டர் பால் பிராண்ட் 1914-ஆம் ஆண்டு நம் கொல்லிமலையில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அங்கே மறைப்பணி செய்தவர்கள். அவர் அறுவைச் சிகிச்சை மருத்துவராகி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அக்காலத்தில் தொழுநோய் வந்தால் விரல்கள் மடங்கிப்போகும், அழுகி உதிரும், அதற்கு வழியே இல்லை என்றுதான் உலகம் நம்பியிருந்தது. ஒருமுறை செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, விரல்கள் மடங்கிய ஒரு நோயாளியின் கைக்குள் பிராண்ட் தம் கையை வைத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பிடியின் வலிமை அவரைத் திடுக்கிட வைத்தது. முன்கையின் தசைகள் உயிரோடு இருக்கின்றன, அப்படியானால் நல்ல தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தலாமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது. பலரும் தொட அஞ்சிய கையை அவர் பிடித்துப் பார்த்தார். அதனால் ஒரு புதிய மருத்துவ வழியே திறந்தது.

ஆனால், இந்த வரலாற்றின் அடுத்த பகுதிதான் இன்று நமக்குப் பாடம். அறுவைச் சிகிச்சை வெற்றி பெற்றது, விரல்கள் நிமிர்ந்தன. நோயாளி மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனார். சில காலம் கழித்து வாடிய முகத்தோடு திரும்பி வந்தார். முன்பு கோணல் கையை நீட்டினால் மக்கள் இரங்கிக் காசு போட்டார்கள். இப்போது கை நேராக இருப்பதால் காசும் விழவில்லை. தொழுநோய் வந்தவர் என்பதால் வேலையும் எவரும் தரவில்லை. குடியிருக்க வீடும் கிடைக்கவில்லை. நல்ல கை கிடைத்தும் பிழைப்புப் போயிற்று என்பதுதான் அவருடைய முறையீடு. கையைச் சரிசெய்தோம், மனிதரைச் சரியாகப் பார்க்கவில்லையே என்று மருத்துவர்களுக்கு அப்போது உறைத்தது.

1951-ஆம் ஆண்டு மருத்துவக் கல்லூரியின் நிலத்திலேயே ‘புது வாழ்வு நிலையம்’ என்ற சிறு குடியிருப்பு உருவானது. அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் அங்கே தங்கித் தச்சுவேலை கற்றார்கள், மரப்பொம்மைகள் செய்தார்கள். வலி உணராத கைக்குச் சுத்தியலும் இரம்பமும் ஆபத்தானவை. சூடு தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. விரல்கள் அழிவதற்குப் பெரும் காரணம் இப்படிக் கவனிக்கப்படாமல் போகும் காயங்களே என்பதையும் பிராண்டும் அவருடைய குழுவினரும் அங்கே கண்டறிந்தார்கள். ஆகவே, கருவிகளின் பிடியை மாற்றினார்கள். ஒவ்வொரு நாளும் மாலையில் கைகளைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் பழக்கத்தை ஏற்படுத்தினார்கள். ஒரு மனிதரின் நாள் எப்படிக் கழிகிறது என்று கூடவே இருந்து பார்த்ததால் கிடைத்த அறிவு அது.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் இருந்தார். 1954-ஆம் ஆண்டு நடந்த ஒரு சாலை விபத்தில் அவருடைய முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே உடல் செயலற்றுப் போனது. இனி எதற்கு இந்த உயிர் என்று அவர் கலங்கியதுண்டு. கால்கள் போனால் என்ன, கைகள் இருக்கின்றனவே என்று டாக்டர் பிராண்ட் அவருக்கு ஊக்கமூட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணராக இருந்தார். தம் இழப்பை மறைக்காமல், அதோடு அமர்ந்தபடியே பிறருக்குப் பணிசெய்த அந்தப் பெண்மணி கிறிஸ்துவின் சாயலை நமக்குக் காட்டுகிறார்.

அன்பானவர்களே, பெரியவர்களின் வரலாற்றைச் சொல்வது எளிது. நம் தவற்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஒரு பங்கில் ஒரு பாட்டி இருந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஒவ்வொரு சனிக்கிழமையும் அன்னை மரியாவின் சுரூபத்துக்குப் பூச்சரம் கட்டிக்கொண்டு வந்தவர். பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சும் தடுமாறியது, ஒரு சொல் வருவதற்கு நெடுநேரம் ஆகும். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைதோறும் நற்கருணை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவோம். மருமகளைப் பார்த்து, “பாட்டி எப்படி இருக்காங்க?” என்று கேட்போம். “அப்படியேதான் இருக்காங்க ஃபாதர்” என்று அவர் சொல்வார். நன்மை கொடுத்து, செபம் சொல்லி, நெற்றியில் சிலுவை வரைந்து, ஆசீர் அளித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். எட்டு மாதங்கள் இப்படிப் போயின. ஒருமுறைகூட அந்தப் பாட்டியிடம் நேராகக் கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்ததில்லை.

குடும்பத்தைக் குறைசொல்ல முடியாது. அவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்டார்கள். குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, சோற்றை ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டார்கள். “அத்தையைக் கஷ்டப்படுத்தக் கூடாது” என்பதே அந்த மருமகளின் சொல். ஆனால், பாட்டி நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளத் தொடங்கினார்.

ஒரு முதல் வெள்ளியன்று நாம் போனபோது, செயல்வழி மருத்துவம் படித்த ஓர் இளம்பெண் அங்கே இருந்தார். யாரோ உறவினர் ஏற்பாடு செய்து அனுப்பியிருந்தார்கள். அவர் கட்டிலருகே, பாட்டியின் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து, ஒரு முக்காலியில் அமர்ந்திருந்தார். இடக்கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழக்கலாம் என்று முயன்றிருக்கிறார். பாட்டி கரண்டியைத் தொட மறுத்துவிட்டார். பிடிவாதம் என்று வீட்டார் சொன்னார்கள். அந்தப் பெண் மட்டும் அப்படி முடிவு கட்டவில்லை. “இடது கையால சாப்பிடறது உங்களுக்குச் சங்கடமா இருக்கா பாட்டி?” என்று கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். இன்னும் இரண்டு வீடுகள் பாக்கி இருந்தன. பாட்டியின் உதடுகள் நெடுநேரம் அசைந்தன. பிறகு அவர் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை; நம்மைப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லாகத் திக்கித் திக்கிக் கேட்டார்: “சாமி... பீச்சாங்கையால... சிலுவை... போட்டா... பாவமா?”

எட்டு மாதங்களாக அந்தத் தாய் சிலுவை அடையாளம் போடவே இல்லை. இடக்கை அசுத்தமானது, அதால் உண்ணக் கூடாது, கடவுளை வணங்கக் கூடாது என்று சிறுவயதில் கற்றது மனத்தில் நின்றுவிட்டது. வலக்கை விழுந்த அன்றே, கடவுளின் பெயரைத் தம்மேல் வரைந்துகொள்ளும் உரிமையும் போய்விட்டது என்று அவர் எண்ணியிருந்தார். நற்கருணையோடு எட்டு முறை அந்த வாசற்படியைத் தாண்டிய நமக்கு அது தெரியாது. நாம் கேட்கவில்லை. இறையியல் படித்த நம்மைவிட, ஒரு கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த அந்த இளம்பெண் அவருடைய ஆன்மாவுக்கு அருகில் இருந்தார்.

பாவம் இல்லை என்று அவரிடம் சொன்னோம். அவருடைய இடக்கையைப் பிடித்து, அவரோடு சேர்ந்து சிலுவை அடையாளம் வரைந்தோம். அதன்பின் கரண்டியையும் அவர் மறுக்கவில்லை. தட்டு நகராமல் இருக்க அதனடியில் ஓர் ஈரத்துணி; கரண்டியின் காம்பில் பிடிப்புக்காகச் சுற்றிய துணி; அவ்வளவுதான் செலவு. சில வாரங்களுக்குப் பிறகு, மறுபடி என்ன செய்ய ஆசை என்று அந்தப் பெண் கேட்டபோது, “பூ” என்றார் பாட்டி. சரம் கட்ட இரண்டு கைகள் வேண்டும். ஆனால் சம்பங்கியைக் கோக்கலாம் அல்லவா? ஒரு மரக்கட்டையில் துளை போட்டு, நூல் கோத்த நீண்ட ஊசியைக் கூர்முனை மேலே இருக்கும்படி அதில் நிறுத்தினார்கள். பாட்டி இடக்கையால் ஒவ்வொரு பூவாகக் குத்துவார். ஊசி நிறைந்ததும் பேரன் எடுத்துப் பூக்களை நூலில் இழுத்துவிடுவான். முதல் மாலை ஒரு சாண் நீளம்; பூக்கள் கோணலும் மாணலுமாக இருந்தன. கோயில்பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு நம் முகத்தைப் பார்த்தார். அன்னையின் சுரூபத்துக்கு அதைப் போடச் சொன்னோம். பாட்டியின் வலக்கை கடைசிவரை அசையவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து இறைவனடி சேர்ந்தார். ஆனால், சுவர்ப் பக்கம் திரும்பிய முகத்தோடு அவர் போகவில்லை.

முழு மனிதரையும் பார்க்கும் மருத்துவம் என்று சொல்கிறோமே, அது இதுதான். உடல் ஒரு பக்கம், உள்ளம் ஒரு பக்கம், ஆன்மா ஒரு பக்கம் என்று கூறுபோட்டு, ஆளுக்கொரு துண்டைக் கவனிப்பது அல்ல. ஒரு கரண்டிக்குள் ஒரு பாட்டியின் உடலும், வளர்ப்பும், வெட்கமும், விசுவாசமும் எல்லாமே இருந்தன. கனடா நாட்டின் செயல்வழி மருத்துவர்கள் தங்கள் பணியை விளக்க 1997-ஆம் ஆண்டு ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். அதில் மனிதரைச் சுற்றி, அவர் செய்யும் செயல்களும் அவர் வாழும் சூழலும் இருக்கின்றன. மனிதரின் உடல், உணர்வு, அறிவு ஆகிய மூன்றுக்கும் நடுவே, மையத்தில், ஆன்மிகத்தை வைத்தார்கள். அவர்கள் அதைக் குறிப்பிட்ட ஒரு சமயத்தின் பொருளில் சொல்லவில்லை. ஒரு மனிதரின் வாழ்வுக்குப் பொருள் தருவது எதுவோ அதைத் தொடாமல் சிகிச்சை நிறைவு பெறாது என்பதே அவர்களுடைய கருத்து.

இயேசுவின் வழியும் இதுவே. எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயு கூவி அழைத்தபோது, அவருக்கு என்ன தேவை என்பது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் இயேசு நின்று, அவரை அழைத்து, நான் உமக்கு என்ன செய்ய வேண்டும் என விரும்புகிறீர் என்னும் பொருளில் கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். கேட்பதே மரியாதை. நான் உனக்காக முடிவெடுக்கிறேன் என்பது பரிதாபம். நீ சொல், நான் உன்னோடு இருக்கிறேன் என்பது இரக்கம். பரிதாபம் மேலிருந்து கீழே பார்க்கும். இரக்கம் முக்காலியை இழுத்துப் போட்டு அருகில் அமரும். கை சூம்பியவரிடமும் இயேசு தாமே அந்தக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நீட்டச் சொன்னார், நீட்டியவர் அந்த மனிதர்தாம். நலமளிக்கும் ஆற்றல் ஆண்டவருடையது. ஆயினும் அந்த மனிதர் செய்ய வேண்டிய சிறு பங்கை ஆண்டவர் அவரிடமிருந்து பறித்துக்கொள்ளவில்லை.

திருத்தந்தை புனித இரண்டாம் ஜான் பால் 1981-ஆம் ஆண்டு மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலின் 22-ஆம் பகுதியை மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஒதுக்கினார். அவர்களும் முழுமையான மனித மாண்பு கொண்டவர்கள், உழைப்பிலும் சமூக வாழ்விலும் பங்கெடுக்க உரிமை உடையவர்கள் என்று அதில் தெளிவாகக் கற்பிக்கிறார். உதவி செய்கிறோம் என்ற பெயரில் அவர்களை ஓரமாக உட்காரவைப்பதும் ஒருவகை அநீதியே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். செய்ய முடிந்தால்தான் மனிதருக்கு மதிப்பா? ஒன்றுமே செய்ய முடியாமல் படுத்திருப்பவர்களின் நிலை என்ன? பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துவிட்ட தாயின் நிலை என்ன? இந்தக் கேள்வியை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. கடவுளின் சாயலில் படைக்கப்பட்டதால் நமக்கு மாண்பு; நம் உழைப்பு அந்த மாண்பின் கனியே அன்றி அதன் விலை அல்ல. நாசரேத்தில் தச்சுவேலை செய்த அதே கைகள் கல்வாரியில் ஆணிகளால் அறையப்பட்டு அசைய முடியாமல் இருந்தன. அந்தக் கைகளின் வழியாகவே உலகுக்கு மீட்பு வந்தது. ஆகவே, எந்தச் செயலும் இயலாத நிலையிலும் ஒரு மனிதர் நமக்குப் பாரம் அல்லர். அத்தகையவருக்கும் நல்ல செயல்வழி மருத்துவர் ஒன்றைத் தேடித் தருவார்: விரும்பிய பாட்டைக் கேட்பது, பழகிய செபமாலையைக் கையில் வைத்திருப்பது, எந்தச் சேலை என்று கண்ணசைவால் தேர்ந்தெடுப்பது. ‘ஆம்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்லும் உரிமை கடைசி மூச்சுவரை மனிதருக்கு உண்டு.

சரி, நாம் என்ன செய்யலாம்? நம் பங்கில், நம் அன்பியங்களில், வீட்டோடு முடங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சந்திக்கச் செல்லும்போது, முதலில் அவர்களிடம் பேசுவோம். அவர்களைப் பற்றி மற்றவர்களிடம் பேசுவது பிறகு இருக்கட்டும். உட்கார்ந்து பேசுவோம். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருப்போம். ஒரு வாக்கியத்தை முடிக்க ஐந்து நிமிடம் ஆனாலும் நாமே முடித்துவைக்க வேண்டாம். நோயாளியைப் பராமரிக்கும் குடும்பத்தார், அவரால் முடிந்ததை அவரே செய்ய விடுவோம். பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழைப்பதும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுப்பதும் எளிது. இரண்டு முறை சொல்லிக்கொடுத்தால் பலர் தாமே செய்துகொள்வார்கள். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். அந்தப் பத்து நிமிடம்தான் நாம் அவருக்குத் தரும் அன்பளிப்பு. அதே வேளையில், விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு என்ன கொடுக்கலாம், எவ்வளவு எழுப்பி உட்காரவைக்கலாம் என்பதை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நற்கருணை கொண்டுசெல்லும் நாமும் அதைக் கேட்டறிவது கடமை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விசாரித்தால் இந்தச் சிகிச்சைக்கும் உதவிக் கருவிகளுக்கும் வழி கேட்டறியலாம். வெட்கப்பட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பராமரிப்பவரையும் மறந்துவிடக் கூடாது. இரவும் பகலும் ஒருவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டி வருகிற மருமகள்களும் மகள்களும் மனைவிமாரும் நம் பங்கில் எத்தனை பேர்! ஞாயிறு திருப்பலிக்கு அவர்கள் வராததைக் கவனிக்கும் நாம், ஏன் வரவில்லை என்பதைக் கவனிக்கிறோமா? அன்பியத்தில் ஒருவர் இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் இருந்தால், அந்தப் பெண் திருப்பலிக்கு வரலாம். அல்லது நிம்மதியாகத் தூங்கலாம். அதுவும் செபத்துக்கு நிகரான பணிதான்.

நம் கோயிலையும் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். வாசலில் எத்தனை படிகள்? சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் உண்டா? கை நடுங்கும் ஒரு பெரியவர் முதல் வாசகம் வாசிக்க முன்வந்தால், நேரமாகும் என்று தவிர்க்கிறோமா? ஆட்டிசம் உள்ள சிறுவன் காணிக்கைப் பவனியில் அப்பத்தட்டைத் தூக்கி வந்தால், தட்டு சற்று ஆடும். ஆடட்டும். இயேசு அந்த மனிதரைத் தொழுகைக்கூடத்தின் ஓரத்தில் வைத்துக் குணமாக்கவில்லை. எல்லாரும் பார்க்கும்படி நடுவில் நிற்கச் சொன்னார். அங்கிருந்தவர்களின் பிடிவாத உள்ளத்தைக் கண்டு அவர் வருந்தினார் என்று மாற்கு எழுதுகிறார். சூம்பியிருந்தது ஒருவருடைய கை மட்டும் அல்ல போலும்.

அன்பார்ந்தவர்களே, இந்த வாரம் ஒரே ஒரு வீட்டுக்குப் போவோம். ஒரே ஒரு கேள்வியைக் கேட்போம்: “உங்களுக்கு மறுபடி என்ன செய்ய ஆசை?” கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருப்போம்.

செபிப்போம். அன்பு ஆண்டவரே, நாசரேத்தின் பட்டறையில் கைகளால் உழைத்தவரே, முடங்கிய கைகளை நீர் நீட்டச் செய்தீர். நோயுற்றோரை அவசரமின்றி அணுகும் பொறுமையை எங்களுக்குத் தாரும். அவர்களுக்காக முடிவெடுக்கும் எங்கள் வேகத்தைத் தணித்தருளும். மருத்துவப் பணியாளர்களையும், இரவெல்லாம் விழித்திருக்கும் குடும்பத்தாரையும் ஆசீர்வதியும். எந்தக் கையால் வரைந்தாலும் உம் சிலுவை எங்கள் ஆறுதலாய் இருப்பதாக. ஆமென்.